சல்லடை அக்காவின் ரத்த அளவு

தையல் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் இருந்த அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. எதையும் சலித்துப் பார்க்காமல் வாங்கமாட்டாள். காய்கறிக் கடைக்காரர் முள்ளங்கி இலையைக் கிள்ளிக் குப்பையில் போடப் போனால், "அண்ணே, அதை இப்படிக் குடுங்க" என்று பையை விரிப்பாள். உடைந்த பருப்பு, கீறல் விழுந்த முட்டை, கடை மூடும் நேரத்துத் தக்காளி. இவற்றை வைத்தே இரண்டு பிள்ளைகளையும் தனியாளாகத் திடமாக வளர்த்தாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. அவளோடு ஒருநாள் கடைக்குப் போய்ப் பாருங்கள், கால் கடுத்துவிடும்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். ஆனால் ரத்தம் எட்டுதான் இருந்தது. பத்துக்கு ஏறினால்தான் தொடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்று முதல் தினமும் கீரை, தினமும் இரும்புச்சத்து மாத்திரை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே எட்டு.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள், தைப்பதை நிறுத்தாமலே.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். நர்ஸம்மா சாப்பாட்டையெல்லாம் விசாரித்துவிட்டு, "மாத்திரையை எதோட போடுறீங்க?" என்று கேட்டார்.

"மதியம் சாப்பிட்ட கையோட, டீயில."

"டீயா? கீரையில இருக்கிற சத்தையும் மாத்திரையில இருக்கிற சத்தையும் உடம்புல பெருசா ஒட்டவிடாதும்மா அது. சாப்பாட்டு நேரத்துல டீயே வேண்டாம்."

நான் சுவரைப் பார்த்தேன். அந்த டீயை எட்டு மாதமாக வாங்கிக் கொடுத்தவள் நான்தான். பாவம், கீரையும் சோறுமாகத் தின்கிறாளே, நம் செலவில் ஒரு டீயாவது குடிக்கட்டும் என்ற பெரிய மனசு.

வெளியே வந்ததும், "என்னை மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"நீ என்ன விஷமா குடுத்தே? அந்த டீ இருந்ததாலதான் சாயங்காலம் வரைக்கும் பசி தெரியாம உக்காந்திருந்தேன்."

சுருக்கென்றது. அவள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கேலி செய்த நான், எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மறுநாள் பார்த்தேன். நாலு கவளம்கூடத் தேறாது. மீதியெல்லாம் பிள்ளைகளின் டப்பாவுக்குப் போயிருந்தது.

டீ வாங்கும் காசுக்கு ஒரு கொய்யாப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வந்தன. கொய்யா கூட இருந்தால் கீரையின் சத்து நன்றாகச் சேருமாம், அதுவும் நர்ஸம்மா சொன்னதுதான். முதல் நாள் வேண்டாம் என்று முறைத்தாள். "தின்னுக்கா, இல்லன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றேன். தின்றாள். மாத்திரையைத் தண்ணீரில் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காகிதத்தை என் துணிக் குவியல்மேல் வைத்தாள். பத்து புள்ளி மூன்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"அழுதது போதும். வர்ற வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் குடு. கூட இருக்கப்போற சொந்தம் யாருன்னு கேட்டாங்க, தங்கச்சின்னு உன் பேரைக் குடுத்துட்டேன்."