குழாயடியில் தொடங்கிய பின்னல்

மர்பி டவுனில் ஏப்ரல் வெயில்; விரித்த முடிக்கடியில் பிடரி வேகிறது. தோழியின் நிச்சயதார்த்தத்துக்காக வந்திருக்கிறேன். அவள் வீட்டார் முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஆட்டோ வர வேண்டும். எதிர்க் குழாயடியில், தண்ணீர் வரும்வரை, படிக்கட்டில் உட்கார்ந்த பெண்களில் ஒவ்வொருத்தியும் தனக்குக் கீழ்ப்படியில் இருப்பவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள்.

நைட்டிமேல் துண்டு போட்ட ஓர் அக்கா என்னைக் கூப்பிடுகிறார்.

"இந்த வெயில்ல ஏம்மா முடிய விரிச்சுப் போட்டிருக்க? வா, பிரெஞ்ச் பின்னல் போடறேன். மூணு நாளைக்கு சீப்பே வேணாம், சிக்கும் விழாது."

கீழ்ப்படியில் உட்காருகிறேன். உச்சியிலிருந்தே முடியை அள்ளி அள்ளி இறுக்குகிறார். பாதி முடிவதற்குள் குழாய் இருமுகிறது. மொத்தப் படிக்கட்டும் பாதிப் பின்னலோடு குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அக்காவின் இரண்டாவது குடத்தை நான்தான் பிடிக்கிறேன். அதற்குள் ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கிறது.

"அரையும் குறையுமா அனுப்புவேனா? ஏறு!"

ஈரக்கையோடு அவரும் ஏறிவிடுகிறார். அல்சூர் ஏரிக்கரையோரம் ஆட்டோ குலுங்கக் குலுங்கப் பின்னுகிறார். மண்டப வாசலில் ரப்பர் பேண்டைச் சுற்றியபிறகுதான் தன் நைட்டியைக் குனிந்து பார்க்கிறார்.

"ஐயோ, விசேஷ வீட்டுக்கு இப்படியா வந்தேன்!"

வாசலில் நிற்கும் பெண் சிரித்துக்கொண்டே எங்கள் இருவர்மேலும் பன்னீர் தெளிக்கிறாள். ஒரு சொட்டு நேராக என் வெறும் பிடரியில் விழுகிறது. ஊருக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் குளிர்கிறது.