காதோரப் பஞ்சு

மயிலாப்பூர் டிராம் நிற்குமிடத்தில் அத்தர் விற்ற சாயபுவுக்கு மருதாணித் தாடி. காது மடலில் எப்போதும் அத்தர் தோய்த்த பஞ்சு. கோபித்துத் தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, சீமை சென்ட் பூசிக்கொண்டு அன்று புறப்பட்டிருந்தேன்.

டிராமுக்காக நின்றபோது சாயபு என்னை முகர்ந்து சிரித்தார். "இன்னா சாமி, மாமியார் வூட்டுக்கா? சென்ட்டு கதவத் தட்டும். அத்தரு உள்ள பூந்து குந்திக்கும். ரெண்டும் இருக்கட்டும்!" மக்கத்து ரோஜா அத்தரில் நனைத்த பஞ்சை என் காதிலும் செருகினார்.

மாமியார் வீட்டுக் கதவைத் திறந்த மனைவி முகம் திருப்பினாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"காதுல என்ன பஞ்சு? வலிக்கறதா?"

கிட்டே வந்து அவளே எடுத்தாள். விரலெல்லாம் ரோஜா.

மாலையில் இருவருமாய் டிராமிலிருந்து இறங்கினோம். சாயபு எங்களைப் பார்த்தார். தன் காதைத் தொட்டுச் சிரித்தார். அவள் அப்படிக் கேட்பாள் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?