மொனிட்டருக்குப் பொட்டு

என் மாமாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஒரு காலத்தில் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அட்டைக்குப் பயப்படாதவர்கள் உண்டு, பாம்புக்குப் பயப்படாதவர்களும் உண்டு. கரண்டுக்குப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் மாமாதான் என்பது என் கட்சி. மறுத்துப் பேசிய பிள்ளைகளோடு நான் சேர்ந்து விளையாடுவதில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் டீவி திருத்தும் கடையொன்றில் தொழில் பழகிவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீவி, ரேடியோ, அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த முதுகு பருத்த கம்ப்யூட்டர் மொனிட்டர் எல்லாம் அந்த மேசைக்கு வந்தன. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் தம்பிக்கு ஒரு நிலை என்று நினைத்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடுதான் மேசைக்கு இடம் கொடுத்தார்.

"இந்த வீட்டுல யாருக்காச்சும் ஒரு தடவ கரண்டு அடிச்சுச்சுன்னு வையி, மறுநாளே நீ பெரட்டுக்குப் போற. பேச்சே கிடையாது."

விடியற்காலைப் பனியில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு, கங்காணி காட்டும் மலைக்கு ஏறுவதை மாமாவால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனாலும் "சரிக்கா" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

மொனிட்டரின் முதுகைக் கழற்றியதும் அவர் செய்யும் ஒரு காரியத்தைப் பார்க்கவே நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் கரண்டு குடியிருக்கும் என்பார். ஒரு வயரின் ஒரு முனையை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டு, மறுமுனையை ஸ்குரூ டிரைவரின் தண்டில் மாட்டுவார். அதன் பிளாஸ்டிக் பிடியை வலக்கையில் பிடித்து, இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, குழாயின் மேல் ஒட்டியிருக்கும் வட்டமான ரப்பர் மூடிக்கு அடியில் நுனியை நுழைப்பார். சில நேரம் ஒன்றும் நடக்காது. சில நேரம் 'டப்' என்று பொறி தெறிக்கும். அதற்குப் பிறகுதான் உள்ளே விரலை வைப்பார். எனக்குப் பிடித்தது அந்த இடக்கைதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தோட்டத்துத் துரையும் அப்படித்தான் நிற்பார். மாமாவின் மிடுக்கு என்றே நினைத்தேன். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயும் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

அந்த வருடம் ஆயுத பூசையன்று பகலில், லுணுகலை டியூஷன் வகுப்பிலிருந்து வந்த மொனிட்டர் ஒன்று மேசையில் இருந்தது. படம் முழுவதும் சுருங்கி நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. முதுகைக் கழற்றி, போட்டுப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாமா திரும்பினால் ஸ்குரூ டிரைவரைக் காணோம். அம்மா அதைக் கழுவித் துடைத்துச் சாமி படத்தின் முன்னே, தேயிலைச் செடி கத்தரிக்கும் அப்பாவின் கவ்வாத்துக் கத்திக்கும் தன் கொழுந்துக் கூடைக்கும் நடுவில் வைத்துவிட்டார். சாமிக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

இப்போது குழாயை வெறுமையாக்கவும் முடியாது, முதுகைத் திரும்பப் பூட்டவும் முடியாது. மாமா கண்ணாடியில் எதுவும் பட்டுவிடக்கூடாதென்று மொனிட்டரை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி, ஒரு பழைய துண்டைப் போர்த்தினார். "யாரும் இதத் தொட்றாதீங்க" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "ஆமா ஆமா" என்றது அடுப்படி. அவர் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனார்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார், நானும் பின்னாலேயே போனேன். கதவு நிலை, சுவர்க் கடிகாரம், அப்பாவின் சைக்கிள், என் கொம்பாஸ் பெட்டி என்று ஒன்றையும் விடவில்லை. தம்பியின் தொழில் பிடிக்காதுதான். ஆனாலும் அவனுக்குச் சோறு போடும் பெட்டியை மட்டும் பொட்டில்லாமல் விட மனசு வருமா? துண்டை விலக்கினார். அந்த ரப்பர் மூடி, பொட்டு வைக்கவென்றே செய்து வைத்ததுபோல் வட்டமாக எதிரே இருந்தது. சந்தனம் சொட்டும் விரலை நீட்டினார்.

மாமா ஈரம் சொட்ட வாசலில் வந்து நின்றது அப்போதுதான். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்மா திடுக்கிட்டு விரல் பட்டிருக்கும். சோறு கேட்கிற குரலில்தான் சொன்னார்.

"அக்கா, அதுக்கு நான் வைக்கிறேன். தொழில் பாக்குறவன் கையாலதான் வைக்கணும்."

அம்மா முகம் மலர்ந்தது. "இப்பதான்டா ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்று கையை இழுத்துக்கொண்டார்.

மாமா எங்கள் இருவரையும் வாசல்வரை தள்ளி நிற்கச் சொன்னார். விரல் விரலாக ஈரம் துடைத்தார். காய்ந்த ரப்பர் செருப்பை மாட்டினார். பிறகு நேரே போய்ச் சாமியின் முன்னாலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"டேய், சாமிக்கு வச்சதுடா!"

மாமா அதற்குள் மொனிட்டரிடம் போய்விட்டார். வயரை மாட்டினார். இடக்கை பின்னால் போனது. அப்படியொரு 'டப்'பை நான் அதுவரை கேட்டதில்லை. நீலப் பொறி பறந்தது. பூசைக்கு வெடி போட்டதாக நினைத்து நான் கைதட்டிக் குதித்தேன். "மாமா, இன்னொரு தடவ!" என்றேன். அவர் கொஞ்சம் பொறுத்து, உண்மையாகவே இன்னொரு தடவை வைத்தார். மிச்சம் மீதி இருக்கக்கூடாதென்று எப்போதும் செய்வதுதான். எனக்காகச் செய்தாரென்று நம்பி, சத்தம் வரவில்லையே என்று கோபித்துக்கொண்டேன்.

அம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்குரூ டிரைவரை வாங்கி, புதிதாகச் சந்தனம் வைத்து, கவ்வாத்துக் கத்திக்குப் பக்கத்தில் மறுபடி வைத்தார். பெரட்டுப் பேச்சை அதன் பிறகு அவர் எடுத்ததே இல்லை.

மாமா வெளிப்படியில் போய் உட்கார்ந்தார். இடக்கை இன்னும் முதுகில்தான் இருந்தது. முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. பீலித் தண்ணீர் அவ்வளவு குளிராக இருந்திருக்கிறது என்று நினைத்து, மொனிட்டரைப் போர்த்தியிருந்த துண்டை எடுத்துவந்து அவர் தோளில் போட்டேன். திரும்பிப் பார்த்தால், நிலையில் சாய்ந்து நின்ற அம்மாவும் நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா காலையிலேயே குளித்து, தலையெல்லாம் காய்ந்துபோயிருந்தது. அவருக்கு ஏன் குளிர்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.