மட்டைச் சத்தம்

எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் பாதித் தேங்காய் மட்டை ஒன்று இருக்கிறது. சிவப்புப் பொலிஷ் ஏறி ஏறி அதன் நார் முனைகள் கறுத்துப்போய்விட்டன. மேற்புறத்தில், ஒரு வலது பாதம் வருடக்கணக்காக அழுந்திய இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் எங்களைப் போல இன்னும் சிவப்புச் சீமெந்துத் தரையோடு இருப்பவர்கள் குறைவு. இருப்பவர்களும் தரை தேய்க்க மெஷின் வாங்கிவிட்டார்கள். இந்தக் குப்பையை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மைக் காரணத்தைச் சொல்லப் போனால் என் கூடப் பிறந்தவளைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

அந்த மட்டைக்கு உரியவரை நாங்கள் சின்னம்மா என்று கூப்பிட்டோம். சொந்தச் சின்னம்மா இல்லை. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸேறி வந்து, வீட்டைக் கூட்டித் துடைத்து மெழுகிவிட்டுப் போனவர். நானும் அக்காவும் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வரத் தொடங்கினார். அக்கா கல்யாணமாகித் திகனைக்குப் போன பிறகும், எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவருக்கு அவள் பெரிய பாப்பா, நான் சின்ன பாப்பாதான். மட்டையில் ஒரு காலை ஊன்றி, சேலையை இடுப்பில் செருகி, இடது கையால் சுவரைத் தொட்டும் தொடாமலும் அவர் தரை தேய்ப்பார். மூன்று நீளத் தேய்ப்பு, பிறகு நாரில் ஒட்டிய பொலிஷ் உதிர மட்டையால் தரையில் ஒரு தட்டு. ஸர், ஸர், ஸர், டொக். அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. நான் பரீட்சைக்குப் படித்தது, கல்யாணம் வேண்டாமென்று அழுதது, அப்பாவின் செத்த வீட்டுக்கு மறுநாள் முற்றத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் அந்தச் சத்தத்துக்குள்தான்.

சின்னம்மாவிடம் ஒரு முறை இருந்தது. வேலை செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மட்டை. ஒன்றை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "அந்த வீட்டுக் கஷ்டமும் கூடவே வந்துரும் பாப்பா" என்பார். ஒரு வீட்டை விட்டு நிரந்தரமாக நிற்கும்போது, அந்த வீட்டு மட்டையைத் தன் கையாலேயே அடுப்பில் வைத்து எரித்துவிட்டுத்தான் படியிறங்குவார். மட்டை கதவுக்குப் பின்னால் இருக்கிறதென்றால் அவர் திரும்பி வருவார் என்று அர்த்தம். கொரோனா வந்து ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களில், குசினிக்குச் சமைக்கப் போகும்போதெல்லாம் அந்த மூலையை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். அது அங்கேயே இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்போது அம்மாவுக்கு இழுப்பு மிகவும் மோசம். நாலு அடி நடந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். நான் ஆசிரியை. போனைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டே, அடுப்பையும் அம்மாவையும் தரையையும் பார்த்தேன். என்னைவிட அம்மாதான் சின்னம்மாவைத் தேடினாள். வேலை முடிந்து இருவரும் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசும் பேச்சு, அவளுக்கு மருந்தைவிடத் தேவையாக இருந்தது. "அவ சாப்பிட்டாளோ என்னமோ" என்று தினமும் கேட்பாள். விசாரிக்கவும் வழியில்லை. சின்னம்மாவுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. மகளின் போனில்தான் பேசுவார். அந்த மகளோ கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா புருஷன், எங்கள் அத்தான், மரக்கறி லொறி ஓட்டுகிறவர், ஊரடங்குப் பாஸ் இருந்தது, மடுல்கெல்லப் பக்கமும் போய்வந்தார். சின்னம்மாவுக்குச் சாமான் கொடுத்தனுப்பியதும் சேதி கொண்டுவந்ததும் அவர் வழியாக அக்காதான்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் எனக்கு ஒரே யோசனை. கூப்பிடுவதா, வேண்டாமா? பஸ்ஸில் எத்தனை பேரோடு இடிபட்டு வருவார், அவருக்குத் தெரியாமலே அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் என்ன செய்வது? வேண்டாமென்று விட்டால் அவர் என்ன சாப்பிடுவார்? இரண்டு பக்கமும் மாறி மாறி நினைத்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்பக்க அறையைச் சுத்தம் செய்து, சின்னம்மாவை வீட்டோடு தங்க வைப்பது. முதலில் கொஞ்ச நாள் தனிச் சாப்பாடு, தனி வாசல். காய்ச்சல் வருத்தம் ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகு உள்ளே வரலாம். அவருக்கும் பசி இல்லை, அம்மாவுக்கும் துணை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள். "உனக்கென்ன பைத்தியமாடி? லயத்துல பக்கத்துப் பக்கத்துல எத்தன குடும்பம் இருக்கு, யாருக்கு என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? உனக்கு அம்மா வேணுமா, பளபளன்னு தரை வேணுமா?"

பின்னறை யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன். சின்னம்மாவுக்குத் தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாகவும், நான் சொன்னால் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்றும் அக்கா சொன்னாள். என் நன்மைக்குத்தான் சொல்கிறாள் என்று நம்பினேன். அம்மாவுக்காக இவ்வளவு பயப்படுகிறாளே என்று உள்ளூர உருகவும் செய்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அத்தானோடு வந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து சூப் பருக்கிவிட்டுப் போவாள். அந்த நாட்களில்தான் அம்மா சின்னம்மாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். நோயின் களைப்பில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். தரை வெளிறிப்போய்க் கிடக்கிறது, எனக்கும் முதுகு முடியவில்லை, இப்போதாவது சின்னம்மாவைக் கூப்பிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அக்கா பழைய பாட்டையே தொடங்கினாள். லயம், பஸ், அம்மாவின் நெஞ்சு. அவள் மூச்செடுத்த இடைவெளியில் அந்தப் பக்கத்திலிருந்து வேறொன்று கேட்டது. ஸர், ஸர், ஸர், டொக். சந்தேகத்துக்கு, போனைக் காதோடு அழுத்தி மறுபடி உன்னிப்பாகக் கேட்டேன். மூன்று தேய்ப்பு, ஒரு தட்டு.

"அங்க என்ன சத்தம்?"

"வாஷிங் மெஷின் ஓடுது" என்றாள் அக்கா, கொஞ்சம்கூடத் தடுமாறாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சின்னம்மா அங்கே தரை தேய்க்கிறார் என்றால் அங்கேதான் தங்கியிருக்க வேண்டும். அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது எனக்குப் பெரிதில்லை. அவள் வீட்டிலும் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள், கேட்டிருந்தால் நானே அனுப்பியிருப்பேன். என் வாயை அடைத்துவிட்டு, நான் சொன்ன பின்னறை யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் நடத்தியிருக்கிறாள். அம்மாவைக் காட்டி என்னைப் பயமுறுத்தியவள், சின்னம்மாவோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் வந்து அம்மாவின் கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வரக்கூடாத நோய் வருவதாக இருந்திருந்தால் அது சூப் பாத்திரத்தோடு வந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்ததும் நேராகவே கேட்டேன். முதலில் இல்லையென்றாள், பிறகு கத்தினாள். "நீ வீட்லதானே இருக்க, ஒனக்கு எதுக்கு ஆள்?" என்றாள். அம்மாவே நியாயம் சொல்லட்டும் என்று அறைக்குள் போனேன். அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா. பெரியவ அப்பவே சொன்னா. ரெண்டு பேரும் சண்டை புடிப்பீங்கன்னுதான் நான் வாயத் தொறக்கல" என்றாள்.

யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவளும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறாள். நான் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அக்காவின் சூப்பை அம்மா குடிக்கும் சத்தம் அதையும் மீறிக் கேட்டது.

மிச்சமிருந்தது சின்னம்மா ஒருவர்தான். அக்காவும் அத்தானும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். அவரே எடுத்தார். குரலில் கோபம் இல்லை, பழைய குழைவும் இல்லை.

"நீங்கதான் என்னைய இங்க அனுப்பச் சொன்னீங்கன்னு பெரிய பாப்பா சொன்னாங்க. அம்மாவுக்கு நான் வந்தா ஆகாதாம். வாசல்ல வச்சு நீங்களே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன் பாப்பா."

"சத்தியமா நான் அப்படிச் சொல்லல சின்னம்மா. நீங்க அங்க இருக்கிறதே எனக்குத் தெரியாது. இப்பவே வாங்க, உங்க ரூம் ரெடியா இருக்கு."

"சரி பாப்பா" என்றார். எங்கள் வீட்டில் அத்தனை வருடம் கேட்ட சரி அது. உடைந்த கோப்பையை உடைத்தது யாரென்று தெரிந்துகொண்டே, நாங்கள் சொல்லும் பொய்யைக் கேட்டுவிட்டு அவர் சொல்கிற சரி.

அவர் வேலைக்கு வரவில்லை. கட்டுப்பாடுகள் எல்லாம் தளர்ந்த பிறகு அம்மாவைப் பார்க்க ஒரு தடவை வந்தார். கதிரையில் உட்காரச் சொல்லியும் கட்டிலோரத்துத் தரையில் உட்கார்ந்து, அம்மாவோடு வெற்றிலை போட்டார். புறப்படும்போது குசினிக் கதவைத் தள்ளி அந்த மூலையைப் பார்த்தார். அம்மாவுக்கு வெந்நீர் போடும் விறகடுப்பு பின்புறத்தில் எரிந்துகொண்டிருந்தது. மட்டையை எடுத்து அதில் வைத்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைத் தொடவில்லை. "வாரேன் பாப்பா" என்று படியிறங்கினார். வைக்காமல் போனது என்னை மன்னித்ததாலா, அல்லது அது தன்னுடைய வீடே இல்லை, தான் எதற்கு வைக்க வேண்டும் என்று நினைத்ததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா வீட்டையும் விட்டு, இப்போது கொழும்பில் மகளோடு இருப்பதாகக் கேள்வி.

அம்மா அடுத்த மழைக்காலத்தில் தன் பழைய நோயிலேயே போய்ச் சேர்ந்தாள். வருடத் திதிக்கு வந்த அக்கா ஹோலில் நின்று தரையைப் பார்த்து முகம் சுளித்தாள். "என்னடி இப்படிப் போட்டு வச்சிருக்க? சின்னம்மாவக் கூப்பிட்டிருக்கலாமே" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டிருந்தாள். பந்திக்கு வாழையிலை போதுமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சில நாட்களில் நானே அந்த மட்டையை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பதுண்டு. சின்னம்மாவின் பாதம் சிறியது. அந்த வழவழப்பில் என் குதிகால் நிற்காமல் வழுக்கும். தட்டும் சரியான இடத்தில் விழாது. கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்க் கதவுக்குப் பின்னாலேயே வைத்துவிடுவேன். அக்கா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுத்துப் பேசுகிறாள். வீட்டுக்கு டைல்ஸ் போட்டாயிற்று, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும் என்று பெருமையாகச் சொல்கிறாள். டைல்ஸ் தரையில் யாரும் மட்டை போட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தும் அவள் பேசும்போது நான் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. அவளுக்குப் பின்னால் என்ன சத்தம் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.