என்னைப் பார்த்துப் பாடிய குருவி

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் ஷூவை டியூப்லைட்டுக்குக் கீழே கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. இந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அம்மா இட்லியில்கூடத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள் என்று என் மகள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்த வருடம் எனக்கு பிபி எகிறிவிட்டது. வேலூரில் பார்த்த டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, தினமும் பத்து நிமிடம் போனைத் தொடாமல், மரமோ பறவையோ ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்காரச் சொன்னார். நாள் முழுக்க உற்றுப் பார்ப்பதுதானே டாக்டர் என் பிழைப்பு என்றேன். அவர் சிரித்துவிட்டு, "குறை கண்டுபிடிக்காம பாருங்கம்மா" என்றார்.

கம்பெனிக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகள் திரும்புவதற்காக ஜல்லி கொட்டிய காலி இடம் ஒன்று உண்டு. ஓரத்தில் ஒரு வேப்பமரம். மதியம் சாப்பிட்டதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். முதல் நாளே ஒரு பறவை வந்தது. மஞ்சளாக நெட்டைக் கால்கள், கறுப்பு மார்பு, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைத் துண்டு. என்னைப் பார்த்ததும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் குரல் கொடுத்தது. தள்ளி இறங்கிக் குடுகுடுவென ஓடும், நிற்கும், மறுபடி குரல் கொடுக்கும். வீட்டிலேயே நான் வந்தால் யாரும் டிவியிலிருந்து தலையைத் திருப்புவதில்லை. எனக்கு ஒரே பூரிப்பு.

கிட்டத்தில் வைத்துப் பார்த்தே பழகியவள் இல்லையா? தினமும் ஸ்டூலை நாலடி முன்னால் போட்டேன். ஆறாம் நாள் வேப்பமர நிழலையே விட்டுவிட்டேன். கொளுத்துகிற வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஜல்லிக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கிட்டே போகப் போகப் பறவையும் விடாமல் குரல் கொடுத்தது. கம்பெனி நர்ஸ் பிபி பார்த்துவிட்டு நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். என்னைப் பார்த்தாலே அது பாட ஆரம்பித்துவிடுகிறது என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

ஏழாம் நாள், லோடிங் ஷெட்டிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாய் கையைக் காட்டிக் கூப்பிட்டார். என் வயதுதான் அவருக்கும். எழுந்து போனேன்.

"இன்னாக்கா, ஒரு வாரமா அது திட்டறத இவ்ளோ ஆசையா உக்காந்து கேக்கறீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"அது பாடலக்கா. அங்க முட்ட வெச்சிருக்குது. நீங்க எழுந்தாதான் அது போய் உக்காரும். அதுவரைக்கும் முட்ட வெயில்ல வேகுது."

அது ஆள்காட்டிக் குருவியாம். தரையிலேயே முட்டை வைக்குமாம். இந்த வெயிலில் அது முட்டைமேல் உட்காருவது சூட்டுக்காக இல்லை, நிழலுக்காக என்று சொல்லி, என்னை ஷட்டருக்குப் பின்னால் நிற்க வைத்தார். இரண்டு நிமிடத்தில் குரல் நின்றது. பறவை கேன்டீன் பக்கம் ஓடியது. அங்கே கை கழுவும் குழாய் ஒழுகித் தேங்கியிருந்த தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டது. போன வழியே வராமல் வளைந்து வளைந்து நடந்து, என் ஸ்டூலுக்கு எட்டடி தூரத்தில் ஈர வயிற்றோடு உட்கார்ந்தது. நாலு முட்டை என்றார் பாய். அது எழுந்து முட்டைகளைத் திருப்பியபோதுதான் எனக்கும் தெரிந்தன. ஜல்லிக் கல்லேதான், புள்ளி புள்ளியாக. ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கும் என் கண், ஒரு வாரமாக அதைப் பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. நான் நிம்மதியாக உட்கார்ந்த ஒவ்வொரு பத்து நிமிடமும் அதற்கு வயிற்றில் நெருப்பு. அன்றைக்கு பிபி பார்த்திருந்தால் மிஷினே உடைந்திருக்கும்.

அதோடு போகவில்லை. சனிக்கிழமை அந்த இடத்தில் புது ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டப்போகிறார்கள் என்று பாய் சொன்னார். மேனேஜரிடம் போய் நின்றேன். நாலு முட்டைக்காக வேலையை நிறுத்த முடியாது என்றார். நிறுத்த வேண்டாம் சார், அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்றார்.

போர்டு வைத்தால் யார் படிக்கப் போகிறார்கள்? எங்கள் கட்டிங் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. தோலை வெட்டுவதற்கு முன்னால், எங்கெல்லாம் தழும்பு இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டு வைப்பார்கள். வட்டத்துக்குள் கத்தி போகக் கூடாது. இந்த ஊரில் தோல் வேலை தெரிந்த எல்லோருக்கும் அது பாடம். லாரி நிறுத்தக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை எடுத்துப் போய், பாய் பெரிதாக ஒரு வட்டம் போட்டு வந்தார். நான் வேப்பமரத்தைத் தாண்டவே இல்லை.

சனிக்கிழமை வந்த டிப்பர்காரர் வண்டியை நிறுத்தி வட்டத்தைப் பார்த்தார். "கட்டிங்ல இருந்தவன்தாம்மா நானும்" என்று மட்டும் சொல்லி ஸ்டீயரிங்கை ஒடித்தார். அவர் பின்னாலேயே ரோலரும் ஒதுங்கிப் போனது. வண்டிகள் போனதும் பறவை திரும்பி வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேன்டீன் குழாய் ஒழுகுகிறது என்று புகார் நோட்டில் எழுதுவதற்குப் பேனாவை எடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குறையை எழுதாமல் மூடி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், வட்டத்துக்குள்ளே பஞ்சு உருண்டைகள் மாதிரி மூன்று குஞ்சுகள் ஓடின. தாய் ஒரு குரல் கொடுத்ததும் அப்படியே படுத்துக் கல்லாகிவிட்டன. லோடிங் ஆட்கள், நர்ஸ், மேனேஜர் எல்லோரும் ஷெட்டுக்குள்ளிருந்தே பார்த்தார்கள். இனி முட்டையை நனைக்க அதற்குத் தண்ணீர் வேண்டாம் என்று, அந்த வாரமே குழாயைப் பற்றி நோட்டில் எழுதினேன். நாலாவது முட்டை மட்டும் பொரியவில்லை. எல்லா முட்டையும் பொரியணும்னு இல்லக்கா என்று பாய் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் குடைக்குள் நான் ரசித்த அந்த ஒரு வாரம் மனதை விட்டுப் போகவில்லை.

இந்தப் பங்குனியிலும் அது வந்திருக்கிறது. நான் கேட்காமலே யாரோ வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் இப்போது நாலு ஸ்டூல்கள். அது எங்களைப் பார்க்கிறது, வாயைத் திறப்பதில்லை, தன் பாட்டுக்கு முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. பதினெட்டு வருடத்தில் எனக்கு எத்தனையோ பாராட்டு கிடைத்திருக்கிறது, ஆனால் ஒரு குருவி என்னைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை.