பாயின் இடது பக்கம்

தேக்கா சந்தையில் மீன் வெட்டச் சொல்லி நின்றபோது கைப்பேசி அடித்தது. இபுராகிம் பாயின் மகள். “மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க” என்றாள். பாய் இறந்துவிட்டார் என்றதும் மீனை வாங்காமலேயே கிளம்பிவிட்டேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பட்டறையில் எங்களோடு உழைத்தவர்களுக்காக இது.

பூன் லே பக்கத்துக் கப்பல் பட்டறையில் பாய் கிரேன் ஓட்டினார். நான் கீழே, அவருக்கு இடது புறம் நின்று, ‘நிறுத்து’ என்று விளக்குக் காட்டுபவன். அவர் கண் கொக்கியை விட்டு நகராது. என் விளக்கு ஓரக்கண்ணில்தான் பட வேண்டும். முதலில் சிவப்பு விளக்குத்தான் வைத்திருந்தேன். ஒருநாள் தேநீர் வேளையில் பாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “ராசு, பின்னாலேருந்து காதோரமா விளக்கக் கொண்டு வா. தெரிஞ்சதும் சொல்றேன்” என்றார். சிவப்பு கன்னத்தைத் தாண்டிய பிறகே வாய் திறந்தார். சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளக்கில் மிட்டாய்க் கடை நீலத் தாளைச் சுற்றிக் கொண்டுபோனேன். காதருகிலேயே, “வந்துருச்சு லா!” என்று கத்தினார்.

“சிவப்பு நேரா பார்த்தாத்தான் கத்துது. ஓரத்துல முணுமுணுக்குது” என்றார்.

மேற்பார்வையாளரும் தலையாட்டிவிட்டார். அன்று முதல் நீலத் தாள்தான். என்னைக் கண்டாலே, “மிட்டாய் வருது!” என்று எல்லோரும் கேலி செய்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

பிறகொரு நாள் கிரேனில் தொங்கிய இரும்புத் தகடு ஒன்று திசை மாறி, என்னைச் சுவரோடு ஒதுக்கிக்கொண்டு வந்தது. அந்த இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? விளக்கை உயர்த்தினேன். தகடு என் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. சாயங்காலம், “எப்படி பாய் அவ்வளவு சீக்கிரம் பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

“எங்க பார்த்தேன்? கை நின்னுருச்சு. அப்புறந்தான் நீலம்னு தெரிஞ்சுது.”

ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் தேநீர். போன தீபாவளிக் கடைகளில் ஒரு நீல விளக்கு வாங்கி, பழைய விளையாட்டாக அவர் இடது காதோரம் பிடித்தேன். பேச்சில்லை. மூக்கருகே வந்தும் பேச்சில்லை.

“என்ன பாய், தூங்கிட்டீங்களா?”

“நீ இன்னும் ஆரம்பிக்கலியேன்னு உட்கார்ந்திருக்கேன்.”

அப்புறம் மெல்லச் சொன்னார்: “ஓரப் பார்வை போயிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ராசு. இனி வெளியே போகாதீங்கங்குறா மக. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தா நான் செத்தே போயிருவேன்.”

மகளிடம் நான் பேசினேன். “விடு புள்ள. இடது பக்கம் நான் நடக்குறேன்.”

நடந்தேன். சைக்கிள் வந்தால் அவர் முழங்கையை அழுத்துவேன்.

“கிழவனப் பிடிக்கிற மாதிரி பிடிக்காத லா, கடையில சிரிக்கிறாங்க.”

“கிழவன் இல்ல பாய், கிரேன்.”

“அப்ப சிக்னல ஒழுங்கா காட்டு.”

கடைசி ஞாயிறு வரைக்கும் அவர் வீட்டுக்குள் உட்காரவில்லை.

அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் சாலையைக் கடக்க நின்றேன். எதிர்க் கடையைப் பார்த்தபடி இருந்தேன். இடது ஓரத்தில் எதுவோ நீலமாக மின்னியது. அது சைக்கிள் விளக்கு என்று தெரிவதற்கு முன்பே என் வலது கை நீண்டு, அவர் முழங்கை இருக்கும் உயரத்தில் போய் நின்றுவிட்டது.

பாய் எனக்கு விட்டுப்போனது அந்தக் கையைத்தான்.