கோமளத்தம்மாள் போட்ட ஓட்டு

தென்னூரில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். காலையில் பெட்டியில் கரியைப் போட்டு விசிறினால் கூடம் வரைக்கும் புகை வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். நேற்று என் பேத்தியின் கணவன் சட்டை வாங்க அங்கே நின்றிருந்தான். இவள் மாடியிலிருந்து, "டேய் கார்த்தி, தோசை ஆறுதுடா" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். "வரேன்" என்றான் அவன். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

கரிப்புகையும் புருஷன் பெயரும் சேர்ந்து வந்ததில் எனக்குக் கோமளத்தம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. அவரை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம் அது. பெட்ரோல் தட்டுப்பாடு தீராததால் பஸ்கள் இன்னும் கரியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் ஓர் உலையைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே காவிரிப் பாலத்தில் ஏறும். ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது வெள்ளைப் புடவை வெள்ளையாக இருக்காது. நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. எல்லாச் சட்டமும் தெரியும் என்கிற திமிர் கொஞ்சம் உண்டு.

டில்லி சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. இப்போது போல எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. அதிலும் நான் சொல்வது பெரிய நிலக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த இடம். மாகாணம் முழுவதற்கும் ஒரே ஆள். எங்கள் சாவடியின் வாக்காளர் பட்டியல் ஒரே தாளில் அடங்கிவிட்டது. அதில் பெண்கள் இரண்டு பேர். அவர்களுக்காக ஒரு பெண் உட்கார வேண்டுமென்று என்னை அனுப்பினார்கள். அந்த இருவரில் ஒருவர் காசிக்குப் போயிருந்தார். மிச்சமிருந்த ஒருவருக்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் காலையிலிருந்து காத்திருந்தேன். கட்டிக்கொண்டு போன புளியோதரை பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது.

போட்டி இரண்டு பேருக்கு. ஒருவர் சிவஞானம், மற்றவர் ரெங்கராஜு. ஸ்ரீரங்கத்துத் தெருவில் நின்று ரெங்கராஜு என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு சாதாரணமான பெயர்.

மத்தியானம் கோமளத்தம்மாள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கூடவே அவருடைய கணவர். நிலம் அம்மாளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. அதனால் ஓட்டும் அம்மாளுக்குத்தான், கணவருக்கு இல்லை. அவரோ சிவஞானத்தோடு சீட்டாடுகிற சிநேகிதர். வாசலில் நின்ற சிவஞானத்தின் ஏஜெண்டிடம் எங்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"கவலைய விடுங்க. எம் பேரு என்னன்னு தெரியுமில்ல? அதை அவ வாயால சொல்லவா போறா?"

இருவரும் சிரித்தார்கள். அவர் பெயரும் ரெங்கராஜுதான்.

விஷயம் இதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யாருக்கு ஓட்டு என்று அதிகாரியிடம் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் ஓட்டுச் சீட்டில் குறி போடுவார். கோமளத்தம்மாளுக்குப் படிப்பு இல்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, அது வேறு ஆளின் பெயராக இருந்தாலும் கூடாது. ஜூன் மாதம் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது நானே தினம் பார்ப்பேன். தகப்பனார் பெயர் என்று கேட்டால் தாய்மார்கள் பிள்ளையின் முதுகில் தட்டி, "நீயே சொல்லு பாப்பா" என்பார்கள். ஊமைப் பெண்ணொன்றைச் சேர்க்க வந்த தாய் தெருவுக்குப் போய் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லச் சொன்னாள்.

நான் பட்டியலைப் பார்த்து அவர் பெயரையும் கணவர் பெயரையும் படித்தேன். தலையாட்டினார். ஊர் என்று கேட்டேன். "இதோ, இந்த ஊருதான்" என்றார். புருஷன் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஸ்ரீரங்கம், ரெங்கம் என்று ஊர்ப் பெயரைக்கூட முப்பத்தைந்து வருஷமாகச் சொன்னதில்லையாம்.

அதிகாரி சீட்டை எடுத்து, "யாருக்கும்மா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் பேருதாங்க அவருக்கும்."

உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஏஜெண்டு உடனே எழுந்தார். "அதெல்லாம் செல்லாதுங்க. பேரைச் சொல்லணும்."

"சரி, அந்த இன்னொருத்தர் வேண்டாம்னு எழுதிக்குங்க."

அதிகாரி நல்ல மனிதர். அவருக்கே சங்கடமாக இருந்தது. "வேண்டாங்கறது ஓட்டாகாதும்மா. நீங்க பேரைச் சொன்னாத்தான் நான் குறி போட முடியும். இல்லேன்னா வெறும் சீட்டுத்தான் போகும்."

அம்மாள் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்களேன் டீச்சரம்மா." எனக்குச் சட்டம் தெரியுமே. "நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"அந்த இன்னொருத்தருதாங்க எங்க வாய்க்காலை அடைச்சவரு. மூணு வருஷமா கடைசி வயலுக்குத் தண்ணி வரல. எங்க மடைய அடைச்சவரு டில்லிக்குப் போயி எதைத் திறக்கப் போறாரு?" என்றார் அம்மாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்தார். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ரெங்கராஜு" என்றார்.

அந்தப் பெயரை எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அறை முழுக்கக் கேட்டது, வாசலிலும் கேட்டது. வெளியே வண்டியில் சாய்ந்திருந்த கணவர் விருட்டென்று எழுந்து ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன?" என்றார்.

"உங்களக் கூப்பிடலீங்க. ஓட்டுப் போடுறேன்."

அதிகாரி குனிந்து குறி போட்டார். சீட்டை அம்மாளே வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். திரும்பும்போது வண்டியில் ஏற அந்த மனிதர் கை கொடுத்தார், வந்தபோது கொடுக்கவில்லை.

அந்த ரெங்கராஜு தோற்றுப் போனார். ஓர் ஓட்டு, இரண்டு ஓட்டில் இல்லை, நன்றாகவே தோற்றார். மறுநாள் பள்ளியில் இந்தக் கதையை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். படித்தவள், எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்று பேசினேன். அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிற்று. நாற்பத்தொரு வருஷம் அவரை "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிட்டேன். ரேஷன் கார்டிலும் பாங்கிலும் அவர் பெயரை எழுதுவேன், வாயில் மட்டும் வராது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது நர்ஸ் சொன்னாள், "பேரு சொல்லிக் கூப்பிடுங்கம்மா, காது கேக்கும்." நான் குனிந்து "இங்க பாருங்க" என்றேன். இன்னொரு தரமும் அதையேதான் சொன்னேன்.

நிலக்காரர்களுக்கென்று வைத்த அந்த இடம் அப்போதே போய்விட்டது. கரி பஸ் போய்விட்டது. இப்போது வீட்டில் யாரும் இல்லாத சமயத்தில் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகவே வருகிறது. "என்ன?" என்று கேட்கத்தான் ஆளில்லை.